அணைக்காத கம்ப்யூட்டர்

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் சின்னராஜின் கோழிப்பண்ணையில், முட்டை அறையில் ஒரு கம்ப்யூட்டர் ஒரு வருஷத்துக்கு மேலாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கக் கூடாது என்பது சின்னராஜின் மனைவி கமலவேணி போட்ட உத்தரவு. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சாவு விழுந்த வீட்டில் கருமாதி வரைக்கும் விளக்கு அணையக் கூடாது என்று தெரியும். மகன் தர்ஷன் போனபோது நடுவீட்டில் ஏற்றிய விளக்கைக் கருமாதியன்று எடுத்துவிட்டார்கள். அவன் ஓடவிட்டுப் போன கம்ப்யூட்டரை நிறுத்த மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. கமலவேணி தினமும் அதன் முன்னால் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தார். யாரும் தொடக் கூடாது என்று சொன்னார், தொட வந்தவர்களை முறைத்தார்.

தர்ஷன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் பண்ணைக்கென்றே ஒரு மிஷின் செய்தவன். முட்டைகள் பெல்ட்டில் நகரும். கீழே விளக்கு, மேலே கேமரா. படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் எது நல்ல முட்டை, எது விரிசல் விட்ட ஒடசல் என்று கண்டுபிடித்து, விரிசலைத் திரையில் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும். முதலில் அதற்கு ஒரு பீப் சத்தம் வைத்திருந்தான். சின்னராஜுக்கு அது லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மாதிரியே கேட்டது. ஒவ்வொரு ஒடசலுக்கும் எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். தர்ஷன் வயிறு குலுங்கச் சிரித்தான். அன்று சாயங்காலமே பீப்பை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிவு செய்து வைத்தான். விரிசல் வந்தால், "அப்பா, ஒடசலுங்க." டிரே நிறைந்தால், "அப்பா, டிரே மாத்துங்க." மதியம் ஒரு மணி ஆனால், "அப்பா, போதும், சாப்புடப் போங்க." சின்னராஜுக்குச் சர்க்கரை உண்டு, வேலையில் உட்கார்ந்தால் சோற்றை மறந்துவிடுகிற ஆள் என்பதால் அந்த மூன்றாவது. மறுநாள் காலையில் சேலத்துக்குப் பைக்கில் கிளம்பிய தர்ஷன் நான்குவழிச் சாலையிலேயே அடிபட்டுச் செத்துப்போனான்.

அதற்குப் பிறகு சின்னராஜ் முட்டை அறையை விட்டு வெளியே வருவது குறைந்துவிட்டது. தீவனம், தண்ணீர், தடுப்பூசி எல்லாம் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர் பெல்ட்டின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முட்டைகளை ஒவ்வொன்றாக வைப்பார். ஒரு மணிக்குக் குரல் வந்ததும் குழந்தை மாதிரி எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்காருவார். பெண்டாட்டி கூப்பிட்டு வராதவர், உறவு முறையே வந்து கெஞ்சியும் ஒரு வாய் தின்னாதவர், அந்தக் குரலுக்கு மட்டும் வந்தார். கமலவேணிக்கு அது போதுமாக இருந்தது.

கமலவேணி வெளியே சொல்லாத இன்னொன்றும் இருந்தது. பண்ணையில் ஒடசல் முட்டை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. தீவனத்தில் சுண்ணாம்பு பத்தவில்லை என்று டாக்டர் சொன்னார். கமலவேணிக்குத்தான் காரணம் தெரியும். நல்ல முட்டையை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, லேசாக விரிசல் விட்டதும் அதைப் பெல்ட்டில் வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருக்கும் புருஷனை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

தர்ஷனின் சிநேகிதன் ஷஹ்பாஸ் சேலத்தில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடை வைத்திருக்கிறான். மிஷினுக்குப் பழைய கிராபிக்ஸ் கார்டு கொடுத்ததே அவன்தான். வருஷத்தில் நாலைந்து தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். வரும்போதெல்லாம் தயங்கித் தயங்கி ஒரே விஷயத்தைத்தான் கேட்டான். பென் டிரைவைச் சொருகி எல்லாவற்றையும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாமா, கம்ப்யூட்டரை அணைக்கவே வேண்டாம், ஐந்து நிமிஷ வேலை. கமலவேணி ஒத்துக்கொள்ளவில்லை. வருஷத் திதி முடியட்டும் என்றார். திதி முடிந்ததும் ஆடி போகட்டும் என்றார். அவன், அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் பென் டிரைவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனான்.

ஆடியில் அடித்த காற்றுக்கு ஒரு மரம் லைன் மேல் விழுந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் தாங்க வேண்டிய யு.பி.எஸ். பேட்டரி, ஒரு வருஷமாக யாரும் கவனிக்காததால், ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. கம்ப்யூட்டர் அணைந்தது. ஜெனரேட்டர் ஓடி அது மறுபடி உயிர் பெற்றபோது திரையில் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, கலங்கிப்போய் வந்தது. முட்டை பெல்ட்டில் போனது. கட்டமும் வரவில்லை, குரலும் வரவில்லை. ஒரு மணி ஆனது. சின்னராஜ் எழுந்திருக்கவில்லை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பில்லிங் மென்பொருள் ஆபீஸில் வேலை பார்க்கிற மகள் தனப்பிரியாவுக்குப் போன் போனது. தர்ஷனுக்கு மூத்தவள். லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்தாள். அவளுக்குத் தெரிந்தது விண்டோஸ். இந்தக் கம்ப்யூட்டரில் இருந்த லினக்ஸைத் தம்பி வாயிலிருந்து வந்த வார்த்தையாகத்தான் தெரியும். இருந்தாலும் வீட்டில் கம்ப்யூட்டர் என்று சொன்னாலே அடுத்த ஆள் அவள்தான்.

பெரியப்பா மயில்சாமி வந்து பார்த்துவிட்டு, "பார்மட் அடிச்சிரு, எல்லாஞ் செரியாப் போயிரும்," என்றார். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் அந்த வட்டாரத்தில் அதுதான் மருந்து. தனப்பிரியா அவரைக் காபி குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோளாறு என்னவென்று புரிந்துகொள்ளவே ஒரு பகல் ஆயிற்று. கேமரா படத்தை அலசுவது கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து வேலை வாங்குவது டிரைவர் என்கிற மென்பொருள். அந்த டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலோடு அச்சு அசலாகப் பொருந்தினால்தான் ஓடும். வருஷம் முழுக்க இணையத்திலிருந்து புதுப் புதுக் கெர்னல்கள் தானாகவே வந்து ஹார்ட் டிஸ்க்கில் இறங்கியிருக்கின்றன. அணைக்காத வரைக்கும் பழையது மெமரியில் நின்று சமாளித்தது. அணைந்து எழுந்ததும் புதியது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அதற்குத் தர்ஷனின் டிரைவரை அடையாளமே தெரியவில்லை.

அவசரத்தில் அவள் இணையத்தில் யாரோ சொன்னபடி ஒரு சுத்தம் செய்யும் கட்டளையை அடித்தாள். அது நன்றாகவே சுத்தம் செய்தது. பழைய கெர்னலையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அதன் பிறகுதான் ஷஹ்பாஸ் போனில் வந்து, ஆரம்பத் திரையில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் போதுமே அக்கா என்றான். தனப்பிரியா போனை வைத்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

இனி டிரைவரைச் சோர்ஸ் என்கிற மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்ட, அதாவது கம்பைல் செய்ய வேண்டியதுதான். கார்டு பழையது என்பதால் தயார் நிலையில் டிரைவர் கிடைப்பதை நிறுத்தியிருந்தார்கள். தர்ஷனும் கையால்தான் கம்பைல் செய்திருக்கிறான். அவன் கோப்பறைகளைத் துழாவினாள். டிரைவரின் சோர்ஸ் ஒன்றில் இருந்தது. இன்னொன்றின் பெயர் 'குரல்'. அதற்குள் மூன்று கோப்புகள்: ஒடசல், டிரே, சாப்பாடு. மூன்றின் பெயர்களும் சிவப்பு எழுத்தில் இருந்தன. முக்கியமானது என்று தம்பி கலர் கொடுத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அப்பாடா என்று இருந்தது. குரல் பத்திரம். அதை ஓட்டிக் கேட்க விரல் எழவில்லை. தனியாகக் கேட்டால் அழுதுவிடுவோம், அழுதால் வேலை நடக்காது, டிரைவர் ஏறியதும் அப்பாவோடு சேர்ந்தே கேட்டுக்கொள்ளலாம் என்று மூடிவிட்டாள்.

கம்பைல் செய்யச் சொன்னாள். கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லை என்று நின்றது. இறக்கினாள். மறுபடி சொன்னாள். கெர்னலைக் கட்டிய கம்பைலர் புதுசு, கையில் இருக்கும் கம்பைலர் பழசு. கெர்னல் கேட்கிற ஏதோ ஒரு ஆப்ஷனை இது கேள்விப்பட்டதே இல்லையாம். புதுக் கம்பைலரைப் போட்டாள். இந்தத் தடவை வரி வரியாக ஓடியது, ஓட ஓட அவளுக்கு நம்பிக்கை வந்தது, முக்கால்வாசி தாண்டியதும் சிவப்பில் பிழையைக் கக்கிவிட்டு நின்றது. சோர்ஸ் கூப்பிடுகிற ஒரு நிரல் துண்டைப் புதுக் கெர்னலில் எடுத்துவிட்டிருந்தார்கள். ஆட்டைக் கட்டிய முளையைப் பிடுங்கிவிட்டு ஆடு எங்கே என்று கேட்கிற கதை.

சோர்ஸைத் திறந்து அந்த இடத்தைத் தேடினாள். பக்கத்திலேயே தர்ஷன் ஏற்கனவே ஒரு வரியை மாற்றியிருந்தான். மேலே தமிழில் குறிப்பு: 'இது எதுக்குன்னு எனக்கே தெரியல. எடுத்தா ஓடாது. யாரும் எடுக்காதீங்க.' தனப்பிரியா சத்தமாகச் சிரித்தாள். சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் எழுதியதற்குக் கீழே தன் வரியைச் சேர்த்தாள்.

இதற்கிடையே சின்னராஜின் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. மதியம் சோறு கிடையாது. கமலவேணி தட்டை முட்டை அறைக்கே கொண்டுவந்து வைத்தால், "மணி ஆகட்டும்," என்பார். மணி மூன்று என்று சொன்னால், "அவஞ் சொல்லுட்டும்," என்பார். மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்து ஒரு நாள் ஸ்டூலிலிருந்து சரிந்தார். வாயில் சர்க்கரையைக் கொட்டித் தேற்றினார்கள். வந்து பார்த்த டாக்டர், இப்படியே விட்டால் ஆள் தாங்க மாட்டார் என்று தனப்பிரியாவிடம் தனியாகச் சொன்னார். அவள் திரும்பிப் போய்க் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் என்ன தின்றாள், எங்கே படுத்தாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆபீஸிலிருந்து மட்டும் கேட்டார்கள், எப்போது வருவாய் என்று. அப்பா அவளிடம் பேசியது ஒரே கேள்விதான். "வந்துருச்சா சாமி?" இன்னும் இல்லீங்கப்பா என்பாள். அவர் திரையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். தம்பி போனதில் அவளுக்கும் ஒரு பங்கு துக்கம் உண்டு. அதை இறக்கி வைக்க அந்த வீட்டில் இடம் இல்லாமல் போயிற்று. அவளுக்கு அது வலித்தது.

ஒருவழியாகக் கம்பைல் முடிந்தது. பிழை ஒன்றும் இல்லை. டிரைவரை ஏற்றச் சொன்னால், கையெழுத்து இல்லாத டிரைவரை ஏற்ற மாட்டேன் என்றது கெர்னல். கம்ப்யூட்டரின் பாதுகாப்புப் பூட்டு அது. ஷஹ்பாஸ் சொன்னபடி பயாஸ் என்கிற ஆரம்ப அமைப்புக்குள் போய்ப் பூட்டை எடுத்துவிட்டாள். மறுபடி ஓடவிட்டாள். திரை ஒரு தடவை கருத்தது. பிறகு எழுத்துகள் சிறுத்து, கூராக, வெளிச்சமாக வந்தன. கார்டின் விசிறி உறுமியது. தனப்பிரியா நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். அப்பாவைக் கூப்பிட்டாள். சின்னராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்தார். கமலவேணி கையில் பூவோடு வந்து கதவோரம் நின்றார். ஷஹ்பாஸ் போனில் ஸ்பீக்கரில் இருந்தான், அவனுக்கும் கேட்க வேண்டுமாம். தனப்பிரியா மிஷினை ஓடவிட்டாள். முட்டைகள் நகர்ந்தன. ஒவ்வொன்றின் மேலும் பச்சைக் கட்டம் விழுந்தது. சின்னராஜ் டிரேயிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். மகள் பார்க்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல் நகத்தால் தட்டினார். பெல்ட்டில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

சிவப்புக் கட்டம் விழுந்தது. சத்தம் வரவில்லை.

தனப்பிரியா ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தாள். சரியாக இருந்தது. சத்தத்தைக் கூட்டினாள். சின்னராஜ் இன்னொரு முட்டையைத் தட்டி வைத்தார். சிவப்புக் கட்டம். அதற்கடுத்து இன்னொன்று. அவள் கட்டளைத் திரையைத் திறந்தாள். ஒவ்வொரு சிவப்புக் கட்டத்துக்கும் ஒரு வரி விழுந்திருந்தது: குரல் கோப்பு கிடைக்கவில்லை. இதோ இருக்கிறதே என்று 'குரல்' கோப்பறையைத் திறந்தாள். மூன்று பெயர்களும் சிவப்பில் இருந்தன. போனை எடுத்து ஷஹ்பாஸிடம் சொன்னாள்.

"பேரு செவப்புலயா இருக்கு, அக்கா?" என்றான்.

ஆமாம் என்றாள். அவன் மெதுவாகச் சொன்னான். சிவப்பு என்றால் அது கோப்பு இல்லை, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டுகிற கைகாட்டி மட்டும்தான். காட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எங்கே காட்டுகிறது பாருங்கள் என்றான். பார்த்தாள். மெமரிக்குள் இருக்கிற தற்காலிகக் கோப்பறையைக் காட்டியது. முட்டை நகர்ந்து போவதற்குள் குரல் சட்டென்று வர வேண்டும் என்று தர்ஷன் அங்கே வைத்திருக்கிறான். மறுநாள் வந்து ஹார்ட் டிஸ்க்கில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். கரண்ட் இருக்கிற வரைக்கும் மெமரியில் இருப்பது இருக்கும். கரண்ட் போனால் போய்விடும்.

இத்தனை நாள் அவள் கம்பைலரோடு மல்லுக்கட்டியபோதெல்லாம் அந்தக் குரல் அங்கே இல்லை. மரம் விழுந்த நிமிஷத்திலேயே அது போய்விட்டது. வருஷம் முழுக்க அது ஒரே ஒரு அணையாத கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அணைக்காமல் காப்பாற்றியது அம்மா. காப்பி எடுக்க விடாததும் அம்மாதான்.

"அப்பா," என்றாள். "அவங் கொரலு இதுல இல்லீங்கப்பா. கரண்டு போன அன்னைக்கே போயிருச்சுங்க."

சின்னராஜ் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த முட்டையைத் தட்டினார். கமலவேணிதான் இரண்டு எட்டு உள்ளே வந்தார். கையில் இருந்த பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பி காப்பி எடுக்கறேன்னு வந்துச்சே," என்றார். "எடுக்க உட்டிருந்தா இருந்திருக்குமா கண்ணு?"

தனப்பிரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இல்லீங்கம்மா. எடுத்திருந்தாலும் இது வந்திருக்காதுங்க."

போனில் ஷஹ்பாஸ் இருந்தான். அவனுக்கு உண்மை தெரியும். "ஆமாங்கம்மா," என்றான். "வந்திருக்காதுங்க." போன் கட்டானது.

கமலவேணி நம்பினாரா இல்லையா என்று சொல்ல முடியாது. பூவைக் கம்ப்யூட்டரின் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

சின்னராஜ் நிறுத்தவில்லை. எடுத்தார், தட்டினார், வைத்தார். சில முட்டைகள் அழுத்தித் தட்டியதில் உடைந்தே போயின. மஞ்சள் கரு பெல்ட்டில் ஒழுகி விளக்கின் மேல் சொட்டியது. திரை முழுக்கச் சிவப்புக் கட்டம். டிரே காலியானதும் இன்னொரு டிரேயை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மணி தாண்டிவிட்டது. அவர் விரல் நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வேர்வை. அன்றைக்கு ஸ்டூலிலிருந்து சரிவதற்கு முன்னாலும் இப்படித்தான் வேர்த்தது என்று அம்மா சொல்லியிருந்தார். தனப்பிரியாவுக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவளும் அதே வயிற்றில் பிறந்தவள். அதே பேச்சு அவளுக்கும் வரும்.

"அப்பா, போதும், சாப்புடப் போங்க," என்றாள்.

சின்னராஜின் கை நின்றது. முகம் சட்டென்று மலர்ந்தது. ஆனால் அவர் பார்த்தது ஸ்பீக்கரை. அதற்குள்ளிருந்து இன்னும் ஏதோ வரப்போகிறது என்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பினார். பின்னால் மகள் நிற்பதைப் பார்த்தார்.

"நீயா, சாமி," என்றார்.

மடியிலிருந்த டிரேயைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் ஒட்டிய கையைக் கழுவப் போனார்.